நன்றியும் பொறாமையும்: திராட்சைத் தோட்டக் கதையில் ஒரு பாடம்

மிட்டாய் கொடுத்தவருக்கு நன்றி சொல்ல மூன்று வயதுக் குழந்தைக்கும் கற்றுக்கொடுத்துவிடலாம். ஆனால் பக்கத்தில் நிற்கும் தங்கையின் கையில் இரண்டு மிட்டாய் இருப்பதைக் கண்டுவிட்டால், அதே குழந்தைக்குத் தன் கையிலுள்ள மிட்டாய் இனிப்பதில்லை. மிட்டாய் மாறவில்லை; பார்வை மாறிவிட்டது. நன்றியும் பொறாமையும் ஒரே நெஞ்சில் அடுத்தடுத்துக் குடியிருப்பவை என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டியதில்லை. ஆகவே இவ்விரண்டையும் தனித்தனிப் பாடமாகக் கற்பிப்பதைவிட ஒரே பாடமாகக் கற்பிப்பதே நலம் என்று எண்ணுகிறோம். அதற்கு மத்தேயு நற்செய்தியின் 20ஆம் அதிகாரத்தில் உள்ள திராட்சைத் தோட்டக் கதை மிகவும் ஏற்றது.

மணியோசையும் மறைப்பாடமும்

பிள்ளைகளுக்கு மறைப்பாடம் சொல்லிக்கொடுப்பது இந்த முத்துக்குளித்துறைக்குப் புதியதன்று. புனித பிரான்சிஸ் சவேரியார் 1542ஆம் ஆண்டு இக்கடற்கரைக்கு வந்தார். கையில் மணியை ஏந்தி ஊரைச் சுற்றிவந்து சிறுவரையும் பெரியவரையும் ஒன்றுகூட்டியதாக 1544 ஜனவரியில் எழுதிய மடலில் அவரே குறிப்பிடுகிறார். கற்றுக்கொண்டதைத் தாய் தந்தையருக்கும் அண்டை அயலாருக்கும் போய்ச் சொல்லும்படி பிள்ளைகளை அவர் ஏவினார். வீட்டுக்குப் பாடம் கொண்டுபோன முதல் ஆசிரியர்கள் சிறு பிள்ளைகளே!

அவருக்குப் பின் வந்த ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் அடிகளார் தமிழை முறையாகக் கற்று, 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்ற 16 பக்கச் சிறு நூலைத் தமிழ் எழுத்தில் அச்சிட்டார். அடுத்த ஆண்டு கொச்சியில் ‘கிரிசித்தியானி வணக்கம்’ அச்சாயிற்று. பின்னது வினாவும் விடையுமாக அமைந்தது. 1600இல் இறந்த அடிகளார் நம் தூத்துக்குடி மண்ணிலேயே அடக்கம் செய்யப்பட்டார். இந்தியாவில் தமிழ் அச்சேறியதே பெரிதும் இக்கரை மக்களுக்குப் பாடம் சொல்லத்தான் என்பதை நம் மாணவியர் பெருமையுடன் அறிந்திருக்க வேண்டும். வினா விடை என்னும் அந்தப் பழைய வழியை நாமும் இப்பாடத்தின் இறுதியில் பின்பற்றுவோம்.

கதை

ஒரு தோட்டக்காரர் விடியற்காலையில் கடைத்தெருவுக்குப் போய், நாள் ஒன்றுக்கு ஒரு தெனாரியம் கூலி என்று பேசி ஆட்களை அழைத்துவந்தார். தெனாரியம் என்பது அக்காலத்தில் கூலியாள் ஒருவரின் ஒருநாள் சம்பளம். அன்றைய உலை கொதிக்க அது வேண்டும். பின்பு ஒன்பது மணிக்குப் போனார், நண்பகலில் போனார், மூன்று மணிக்குப் போனார். ஒவ்வொரு முறையும் வேலையின்றி நின்றவர்களைத் தோட்டத்துக்கு அனுப்பினார். மாலை ஐந்து மணிக்கும் அங்கே சிலர் நின்றுகொண்டிருந்தார்கள். ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்று கேட்டார். எங்களை ஒருவரும் கூலிக்கு அழைக்கவில்லை என்றார்கள் அவர்கள். அவர்களையும் அனுப்பினார்.

பொழுது சாய்ந்தது. கூலியாளின் சம்பளத்தைச் சூரியன் மறையுமுன் கொடுத்துவிட வேண்டும் என்பது மோசேயின் சட்டம். தோட்டக்காரர் தம் கணக்கரை அழைத்து, கடைசியில் வந்தவர்களிடமிருந்து தொடங்கி முதலில் வந்தவர்வரை கூலி கொடுக்கச் சொன்னார். ஐந்து மணிக்கு வந்தவர்களுக்கு ஒரு முழுத் தெனாரியம் கிடைத்தது. அதைக் கண்ட காலை ஆட்கள் தங்களுக்கு அதிகம் வரும் என்று எதிர்பார்த்தார்கள். அவர்களுக்கும் அதே ஒரு தெனாரியந்தான். உடனே முணுமுணுப்பு எழுந்தது. பகல் முழுவதும் வெயிலில் வாடிய எங்களையும், ஒரு மணி நேரம் வேலை செய்த இவர்களையும் ஒன்றாக்கிவிட்டீரே என்றார்கள். தோட்டக்காரர் அவர்களில் ஒருவரை நண்பரே என்று அழைத்து, பேசிய கூலியில் குறை வைக்கவில்லையே என்றும், தம் பொருளைத் தாம் விரும்பியபடி கொடுப்பதில் என்ன தவறு என்றும், தம்முடைய நல்ல மனம் அவருக்குப் பொறாமையை உண்டாக்கிற்றோ என்றும் கேட்டார். கதை இத்துடன் முடிகிறது.

“இது நியாயமா, சிஸ்டர்?”

எந்த வகுப்பில் இக்கதையைச் சொன்னாலும் பிள்ளைகள் முதலில் கேட்பது இந்தக் கேள்வியைத்தான். கேட்கட்டும். ‘ஆண்டவர் சொன்னது, வாயை மூடு’ என்று அடக்கிவிட்டால் பாடம் அங்கேயே செத்துப்போகும். காலையில் வந்தவர்களின் பக்கம் நின்று கோபப்படாத பிள்ளைக்கு இக்கதை முழுமையாகப் புரியப்போவதில்லை.

கேள்விக்கு விடையைச் சொற்களால் தருவதைவிட நடித்துக் காட்டச் செய்வது நல்லது. வகுப்பை ஐந்து கூட்டமாகப் பிரிப்போம். தெனாரியத்துக்குப் பதில் ஆளுக்கொரு சோழி. கதையில் உள்ளபடியே கடைசியில் வந்தவர்களிலிருந்து கூலி கொடுப்போம். முதல் கூட்டத்துப் பிள்ளைகள் விளையாட்டென்றும் பாராமல் முகம் சுளிப்பார்கள். பிறகு அதே நாடகத்தை இன்னொரு முறை நடத்துவோம். இம்முறை முதலில் வந்தவர்களுக்கு முதலில் கொடுத்து, வகுப்புக்கு வெளியே அனுப்பிவிடுவோம். அவர்கள் சோழியை வாங்கிக்கொண்டு சிரித்தபடி போய்விடுவார்கள். முணுமுணுப்பே இராது.

இப்போது நாம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: இரண்டு முறையும் உங்கள் கையில் விழுந்தது ஒரே சோழி. முதல் முறை அது ஏன் குறைவாகத் தெரிந்தது?

பிள்ளைகளே விடை கண்டுபிடித்துவிடுவார்கள். அடுத்தவள் கையைப் பார்த்ததால் குறைந்தது. காலை ஆட்கள் ஒரு காசும் இழக்கவில்லை. அவர்களுக்குப் பேசியபடி கிடைத்தது. கடைசியில் வந்தவர்களிடமிருந்து கொடுக்கச் சொன்னதன் மூலம், முதலில் வந்தவர்களின் உள்ளத்தில் மறைந்திருந்ததை அவர்களே காணும்படி செய்தார் தோட்டக்காரர்.

யாருடைய கண்?

தோட்டக்காரரின் கடைசிக் கேள்வியில் பொறாமை என்று நாம் படிக்கும் இடத்தில், நற்செய்தியின் கிரேக்க மூலத்தில் ‘பொல்லாத கண்’ என்ற பொருள் தரும் சொற்களே உள்ளன. நமக்கு இது விளங்காத பேச்சன்று. கண் பட்டுவிட்டது, கண் வைத்துவிட்டாள் என்று நாமும் சொல்கிறோம். கைப்பிடி உப்பும் மிளகாயும் எடுத்துச் சுற்றிப் போடும் பாட்டிமார்கள் இந்த உப்பு விளையும் ஊரில் எத்தனையோ பேர். ஆனால் நாம் கழிக்க விரும்புவது எப்போதும் அடுத்தவர் கண்ணை. நற்செய்தி கேட்பதோ நம் கண்ணைப் பற்றி.

அந்தக் கண்ணால் பார்க்கும்போது மறைந்துபோகும் செய்திகள் கதையில் இரண்டு உண்டு. ஒன்று: கடைசியில் வந்தவர்கள் பகலெல்லாம் சுகமாக இருந்தவர்கள் அல்லர். வேலை கிடைக்குமா, இன்று வீட்டில் அடுப்பெரியுமா என்ற ஏக்கத்தோடு நின்றவர்கள். நம் ஊரில் விடியற்காலையில் தெருமுனைகளில் சாப்பாட்டுத் தூக்குடன் நிற்கும் கொத்தனார்களையும் சித்தாட்களையும் பார்த்தவர்களுக்கு இது தெரியும். வேலைக்கு அழைக்கப்பட்டவருக்கு வெயில்தான் பாரம். அழைக்கப்படாதவருக்கு வெயிலும் பாரம், நாளையும் பாரம். இரண்டு: விடியற்காலையிலேயே அழைக்கப்பட்டது காலை ஆட்களுக்குக் கிடைத்த கொடை. நாள் முழுவதும் கவலையின்றி உழைக்கும் நிம்மதி அவர்களுக்கு இருந்தது. அதைக் கொடையாக அவர்கள் எண்ணவில்லை. எண்ணியிருந்தால் நன்றி பிறந்திருக்கும்.

சிப்பிக் குவியலும் கயிறும்

திராட்சைத் தோட்டம் நம் கரையில் இல்லை. ஆனால் கூலியும் பங்கும் பிரிக்கும் காட்சி நம் முன்னோருக்கு நன்கு பழகியது. தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு கடைசியாக 1955 முதல் 1961 வரை நடந்து நின்றது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நடந்த முறையைப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். பாரிலிருந்து படகுகள் கரைக்குத் திரும்பியதும் சிப்பிகள் மூன்று சமக் குவியலாகப் பிரிக்கப்படும். இரண்டு குவியல் அரசுக்கு. ஒன்று படகில் போய்க் குளித்தவர்களுக்கு. அரசின் சிப்பிகள் ஆயிரம் ஆயிரமாக ஏலம் போகும். மூடியிருக்கும் சிப்பிக்குள் முத்து உண்டா இல்லையா என்று ஏலம் எடுப்பவருக்கும் தெரியாது, குளித்தவருக்கும் தெரியாது. ஒரே விலைக்கு எடுத்த இருவரில் ஒருவருக்கு நல்ல முத்து அகப்படும். மற்றவருக்கு ஓடுதான் மிஞ்சும். இப்படிப்பட்ட கரையில் பொறாமை விளைய இடம் எவ்வளவு இருந்திருக்கும்!

ஆனால் அதே தொழில் நன்றியையும் கற்றுக்கொடுத்தது. குளிப்பவர் கல்லில் கால் வைத்துப் பல பாகம் ஆழத்துக்கு இறங்குவார். மூச்சடக்கிச் சிப்பிகளை வாரி வலைப்பையில் இட்டுக் கயிற்றை அசைப்பார். மேலே படகில் நிற்பவர் இழுத்துவிடுவார். கயிறு பிடிக்கும் கை சற்று அயர்ந்தால் கீழே இருப்பவரின் உயிருக்கு ஆபத்து. அதனால் மனைவியின் உடன்பிறந்தவரைக் கயிறு பிடிக்க நிறுத்துவார்கள் என்று இக்கரையில் சொல்வதுண்டு. தங்கையின் தாலி அந்தக் கயிற்றில் அல்லவா இருக்கிறது!

மூச்சடக்கியது நான், நனையாமல் மேலே நின்றவனுக்கு ஏன் பங்கு என்று குளித்தவர் கேட்கலாம். கேட்டால் அவர் காலைக் கூலியாளைப் போலப் பேசுகிறார். என்னை மேலே இழுத்த கை இது என்று நினைத்தால் பங்கு கொடுப்பது அவருக்கு மகிழ்ச்சியாகிவிடும். நாம் ஒவ்வொருவரும் எட்டிய உயரத்துக்குப் பின்னால் நம் கண்ணுக்குத் தெரியாமல் கயிறு பிடித்தவர் உண்டு. அவரை நினைப்பதே நன்றியின் தொடக்கம்.

உரிமை கேட்பது பொறாமை ஆகுமா?

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. ‘கிடைத்ததற்கு நன்றி சொல், வேறெதுவும் கேட்காதே’ என்று பிள்ளைகளுக்கு, அதிலும் பெண் பிள்ளைகளுக்குக் கற்பிக்க இக்கதையைப் பயன்படுத்துவது பெருந்தவறு. தோட்டக்காரர் பேசிய கூலியில் ஒரு காசும் குறைக்கவில்லை என்பதை மறக்கலாகாது. குறைத்திருந்தால் காலை ஆட்களின் முணுமுணுப்பு நீதியின் குரலாக இருந்திருக்கும்.

திருக்குறளில் ‘செய்ந்நன்றி அறிதல்’ 11ஆம் அதிகாரம். ‘அழுக்காறாமை’ 17ஆம் அதிகாரம். செய்ந்நன்றி அறிதலுக்கு அடுத்தபடியாக, 12ஆம் அதிகாரமாக நிற்பது ‘நடுவுநிலைமை’. நன்றியோடு நீதியும் சேர்ந்தே நிற்க வேண்டும் என்று நாம் இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

நம் ஊர் வரலாறே இதற்கு விளக்கம் தருகிறது. 1908ஆம் ஆண்டு பிப்ரவரி 27ஆம் நாள் தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர்கள் கூலி உயர்வும் வார விடுமுறையும் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். வ.உ.சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்குத் துணை நின்றார்கள். சில நாட்களில் நிர்வாகம் இணங்கியது. அத்தொழிலாளர்கள் வேறெவருடைய கூலியையும் குறைக்கச் சொல்லவில்லை. தங்களுக்கு உரியதைக் கேட்டார்கள்.

நம் மாணவியருக்கு இன்னும் நெருக்கமான எடுத்துக்காட்டும் உண்டு. அரசுப் பள்ளிகளில் 6 முதல் 12ஆம் வகுப்புவரை படித்து உயர்கல்விக்குச் செல்லும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் ‘புதுமைப் பெண்’ திட்டம் 2022 செப்டம்பர் 5இல் தொடங்கியது. அப்போது அரசு உதவிபெறும் பள்ளிகளில் படித்த மாணவியர் அதில் சேர்க்கப்படவில்லை. தமிழ் வழியில் பயின்ற அவர்களுக்கும் அது விரிவாக்கப்பட்டு, 2024 டிசம்பர் 30இல் நம் தூத்துக்குடியிலேயே தொடங்கிவைக்கப்பட்டது. ‘எங்களுக்கும் தாருங்கள்’ என்று கேட்பது உரிமை. ‘அவளுக்குக் கொடுக்காதீர்கள்’ என்று கேட்பது பொறாமை. இரண்டுக்கும் உள்ள எல்லைக்கோடு இதுதான். மனத்தில் குறை எழும்போது, நான் கேட்பது எனக்கு வேண்டியதையா, அல்லது அவளுக்கு இல்லாமல் போவதையா என்று ஒரு நொடி நம்மையே கேட்டுக்கொண்டால் போதும்; எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று தெரிந்துவிடும்.

பசிக்கு அளந்த கூலி

தோட்டக்காரர் ஐந்து மணி ஆட்களுக்கு ஏன் முழுக் கூலி கொடுத்தார்? அவர்கள் உழைப்பை அளந்து கொடுத்திருந்தால் பன்னிரண்டில் ஒரு பங்குதான் கிடைத்திருக்கும். அதில் குடும்பம் சாப்பிட முடியாது. அவர் அவர்களுடைய தேவையை அளந்தார்.

இப்படி அளக்கும் மனிதர்கள் நம்மிடையேயும் உண்டு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நம் மாவட்டம் வெள்ளத்தில் மூழ்கியதை மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் விரைவு ரயில் ஏறத்தாழ 800 பயணிகளுடன் ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் நின்றுபோனது. வழியெங்கும் வெள்ளம். அருகிலிருந்த புதுக்குடி ஊர் மக்கள், தங்கள் பகுதியையே வெள்ளம் சூழ்ந்திருந்த வேளையில், தங்களிடம் இருந்த அரிசியைக்கொண்டு பயணிகளுக்கு உணவு சமைத்துக் கொடுத்தார்கள். நம் கடற்கரை மீனவர்கள் தங்கள் படகுகளை ஊருக்குள் கொண்டுவந்து மக்களை மீட்டார்கள். யார் எந்த வகுப்பில் பயணச்சீட்டு எடுத்தார், யார் நமக்கு முன்பு உதவினார் என்ற கணக்கை அங்கே யாரும் பார்க்கவில்லை.

அந்நேரத்தில் ஒரு கவளம் சோறு வாங்கியவர், பக்கத்தில் இருப்பவருக்கு எவ்வளவு விழுந்தது என்று எட்டிப் பார்த்திருப்பாரா? நாம் எதையும் சம்பாதிக்காமல் பெற்றுக்கொண்ட வேளைகளை நினைவில் வைத்திருந்தால், மற்றவருக்குச் சம்பாதிக்காமல் கிடைக்கும்போது நம் கண் கரிக்காது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

இக்கதை சொல்லப்பட்ட அதே 20ஆம் அதிகாரத்தில் சில வரிகள் தள்ளி இன்னொரு நிகழ்ச்சி வருகிறது. மீனவர் செபதேயுவின் மனைவி இயேசுவிடம் வந்து, அவருடைய அரசில் தம் மக்களில் ஒருவனை வலப்பக்கமும் மற்றவனை இடப்பக்கமும் அமர்த்த வேண்டும் என்று கேட்கிறார். அதைக் கேட்ட மற்றப் பத்துச் சீடருக்கும் கோபம் வருகிறது. கதையை ஆண்டவர் வாயிலிருந்தே கேட்டவர்களுக்கும் பாடம் உடனே பதியவில்லை என்பது ஆசிரியர்களாகிய நமக்கு ஓர் ஆறுதல். தாயின் ஆசை பிள்ளைகளுக்குள் பகையை மூட்டும் என்பது பெற்றோருக்கு ஒரு பாடம்.

பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பார், உன் அக்கா உன் வயதில் எப்படிப் படித்தாள் என்று நாம் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறோம். ஆனால் மதிப்பெண் தாளைக் கையில் வாங்கியதும் வகுப்பில் யார் முதல் என்று கேட்கும்போது, அடுத்தவள் கையைப் பார்க்கப் பிள்ளைக்கு நாமே கற்றுக்கொடுக்கிறோம். சென்ற தேர்வில் எவ்வளவு, இப்போது எவ்வளவு என்று கேட்கலாம். இந்தக் கணக்கை உனக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்றும் கேட்கலாம். முன்னது முயற்சியை வளர்க்கும். பின்னது நன்றியை வளர்க்கும்.

மாணவியருக்கு ஒரு வார்த்தை

பள்ளியிலும் ஐந்து மணி ஆட்கள் உண்டு. வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல், தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டு, பாடத்தில் பின்தங்கி வரும் தோழி ஒருத்தி இருப்பாள். ஆசிரியை அவளருகில் கூடுதலாக நிற்பார். கட்டணச் சலுகையோ நோட்டுப் புத்தகமோ அவளுக்குக் கிடைக்கும். ஒழுங்காகப் படிக்கும் என்னைக் கவனிக்காமல் அவளையே கவனிக்கிறார்களே என்று தோன்றும். தோன்றுவது பாவமன்று. அந்த எண்ணத்துக்கு இடம் கொடுத்து, சோறு போட்டு வளர்ப்பதுதான் கேடு. வளர்ந்த பொறாமை எதுவரை போகும் என்பதை அதே நற்செய்தி 27ஆம் அதிகாரத்தில் காட்டுகிறது. பொறாமையால்தான் இயேசுவைத் தன்னிடம் ஒப்புவித்தார்கள் என்று பிலாத்துவுக்கே தெரிந்திருந்தது.

எனவே பொறாமை எழுந்தால் மூன்று காரியம் செய்யுங்கள். முதலாவது, அதற்குப் பெயர் சொல்லுங்கள். ‘எனக்குப் பொறாமையாக இருக்கிறது’ என்று கடவுளிடமோ அம்மாவிடமோ மனம் திறந்து கூறுங்கள். பெயர் சொல்லப்பட்ட பொறாமைக்குப் பாதி பலம் போய்விடும். இரண்டாவது, யாரிடம் பொறாமையோ அவளுக்காக ஒரு சிறு நன்மை செய்யுங்கள். பரிசு பெற்றவளின் கையைப் பிடித்து வாழ்த்துங்கள். மூன்றாவது, இரவில் படுக்கும் முன், அன்று உங்களுக்குக் கயிறு பிடித்த ஒருவரின் பெயரை நினைத்து நன்றி சொல்லுங்கள். பேருந்து ஓட்டுநராக இருக்கலாம். விடியுமுன் எழுந்து உப்பளத்துக்குப் போகும் அத்தையாக இருக்கலாம்.

வினா விடை

வினா: காலையில் வந்தவர்கள் எதை இழந்தார்கள்?
விடை: கூலியில் எதையும் இழக்கவில்லை. மகிழ்ச்சியை மட்டும் இழந்தார்கள்.

வினா: மாலையில் வந்தவர்கள் ஏன் சும்மா நின்றார்கள்?
விடை: அவர்களை ஒருவரும் வேலைக்கு அழைக்கவில்லை.

வினா: உரிமை கேட்பதற்கும் பொறாமைப்படுவதற்கும் வேறுபாடு யாது?
விடை: உரிமை கேட்பவர் தமக்கு உரியது கிடைக்க விரும்புவார். பொறாமைப்படுபவர் பிறருக்குக் கிடைத்தது போக விரும்புவார்.

வினா: நன்றி எங்கே தொடங்குகிறது?
விடை: நம்மை மேலே இழுத்த கையை நினைப்பதில் தொடங்குகிறது.

வினா: முணுமுணுத்தவரைத் தோட்டக்காரர் எப்படி அழைத்தார்?
விடை: நண்பரே என்று அழைத்தார். பொறாமை கொண்டவரையும் அவர் தள்ளிவிடவில்லை.

வீட்டுப்பாடம்

தோட்டக்காரரின் கேள்விக்குக் காலைக் கூலியாள் என்ன பதில் சொன்னார் என்று நற்செய்தி எழுதவில்லை. தெனாரியத்தை வீசியெறிந்துவிட்டுப் போனாரா? தலை குனிந்து வாங்கிக்கொண்டாரா? அல்லது ஐந்து மணிக்கு வந்தவரின் தோளில் கைபோட்டு, ‘வாரும், இருவர் வீட்டிலும் இன்று அடுப்பெரியும்’ என்று சொல்லிக்கொண்டு நடந்தாரா? மாணவியர் ஒவ்வொருவரும் இந்த முடிவை அரைப் பக்கத்தில் எழுதிவர வேண்டும். எழுதியதை இன்றிரவு வீட்டில் தாய் தந்தையருக்குப் படித்துக்காட்டி, அவர்கள் எழுதினால் எப்படி முடிப்பார்கள் என்றும் கேட்டு வாருங்கள்.